கறுப்பு வெள்ளையில் ஒரு முகம்: எந்த ஃபிலிமைப் போடுவது?

"அப்பாவோட பழைய கேமரா கிடைச்சிருக்கு. கறுப்பு வெள்ளை ரோல் போட்டு வீட்டு ஆட்களை எடுக்கணும். எந்த ஃபிலிம் வாங்கட்டும்?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் இன்னொரு வரியையும் சேர்த்தே எழுதுகிறார்கள்: "ரொம்பக் கூர்மையா வரணும்னு இல்லை. பார்த்தா மனசுல நிக்கணும்." அந்த இரண்டாவது வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1984 டிசம்பர், போபால். விஷவாயுவில் இறந்துபோன, யாரென்று தெரியாத ஒரு குழந்தையைப் புதைத்துக்கொண்டிருந்த இடத்தில் நம் நாட்டுப் புகைப்படக்காரர்களான ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் நின்றார்கள். இருவரும் அதே முகத்தை எடுத்தார்கள். பார்த்தலோமியூ எடுத்தது வண்ணப்படம். அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது அதற்குக் கிடைத்தது. ரகு ராய் எடுத்தது கறுப்பு வெள்ளை. இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். வண்ணத்தில் மண் வேறு, தோல் வேறு என்று கண் பிரித்துக்கொள்கிறது. கறுப்பு வெள்ளையில் முகமும் மண்ணும் ஒரே பொருளால் ஆனவை போல ஆகிவிடுகின்றன. திறந்த கண்கள் மட்டும் தனியே நிற்கின்றன. எது உயர்ந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும் தாங்க முடியாத படங்கள். ஆனால் நிறத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை அந்த இரண்டு படங்களைவிடத் தெளிவாக வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சும். ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறுவதும் அவை இரண்டும்தான்.

அதனால் எந்த ஃபிலிம் என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: நீங்கள் எடுக்கப்போகிற ஆள் பகலெல்லாம் எங்கே உட்கார்ந்திருப்பார்? அடுப்படியிலா, திண்ணையிலா, வயலிலா, கடையின் ட்யூப்லைட் அடியிலா? பாதி முடிவு அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

முதலில் நிழல். ஒரு முகத்தின் பாதி வெளிச்சத்தில், பாதி இருட்டில் இருக்கும்போது, இருட்டுப் பாதியில் எவ்வளவு மிஞ்சுகிறது? கண்ணுக்குக் கீழே உள்ள மடிப்பு, கன்னக்குழி, இறுக்கிப் பிடித்த தாடை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நெகட்டிவ்வில் நிழலைத் தீர்மானிப்பது எடுக்கும்போது விழுந்த வெளிச்சம். பிரகாசமான பகுதிகளைத் தீர்மானிப்பது கழுவும் நேரம், அதாவது ஃபிலிமை டெவலப்பர் என்ற ரசாயனத்தில் வைத்திருக்கும் நேரம். எடுக்கும்போது பதியாத நிழலை அப்புறம் எந்த டெவலப்பராலும் கொண்டுவர முடியாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

அடுத்தது கிரெய்ன், அதாவது படத்தைப் பெரிதாக்கும்போது தெரியும் மணல்மணலான புள்ளிகள். இது குறையல்ல. சில படங்களுக்கு இது மூச்சு மாதிரி, சில படங்களுக்கு இடைஞ்சல்.

மூன்றாவது, நம் தோல். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர், அதன் முன் எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். கறுத்த முகமும் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் இருந்தால் அது குழம்பும். அந்தக் குழப்பத்தை எந்த ஃபிலிம் எவ்வளவு பொறுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிறகு, கழுவ வசதி உண்டா, ரோல் எளிதில் கிடைக்கிறதா, வெயிலைத் தாங்குமா. சாதாரண விஷயங்கள்தான், ஆனால் பலர் பாதியில் விட்டுவிடுவது இவற்றால்தான்.

## இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் (400)

இங்கிலாந்தில், செஷயர் பகுதியின் மாபர்லி என்ற ஊரில் உள்ள ஹார்மன் ஆலையில் தயாராவது. இப்போதைய 'பிளஸ்' வடிவம் 1989இல் வந்தது. 400 என்பது ஃபிலிமின் வேகம்: எண் கூடக் கூடக் குறைந்த வெளிச்சமே போதும். நான் அதிகம் பயன்படுத்தியிருப்பதும் இதைத்தான். ஒரே ஒரு ரோல் வாங்க முடியும் என்கிறவர்களுக்கு யோசிக்காமல் இதைச் சொல்லிவிடுவேன்.

காரணம் என் அப்பத்தா. சிவகங்கைப் பக்கம் பழைய வீடு. அடுப்படிக்கு ஒரே ஜன்னல், அதிலும் பல வருடப் புகை. காலை பத்து மணிக்கு முற்றத்தில் விழும் வெயில் எதிர்ச் சுவரில் பட்டு, கொஞ்சமாக உள்ளே வரும். அப்பத்தா அந்த இடத்தைவிட்டு அதிகம் நகர மாட்டார். எஃப் 2 லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தால் (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸின் துவாரம் பெரிது), 400இல் நொடியில் 60இல் ஒரு பங்கு ஷட்டர் கிடைத்தது. கையில் பிடித்து எடுக்க அது போதும்.

முதல் ரோலில் மீட்டர் காட்டியபடியே எடுத்தேன். அப்பத்தா கட்டுவது வெள்ளைச் சேலை. மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டது. சேலையின் ஒவ்வொரு மடிப்பும் வந்தது, முகம் வரவில்லை. அடுத்த ரோலில் கேமராவை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய், நிழல் விழுந்த கன்னத்தை மட்டும் அளந்தேன். அந்த அளவிலிருந்து ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, பின்னால் வந்து எடுத்தேன். கறுத்த தோலுக்கு அந்த ஒரு ஸ்டாப்தான் கணக்கு. குறைக்காவிட்டால் தோல் வெளுத்து, சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும்.

அந்த ரோலின் 17ஆவது படம். வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார், தலை குனிந்திருக்கிறது. தண்டட்டி இழுத்து இழுத்து நீண்டுபோன காது, நகை எதுவும் இல்லாமல் தொங்குகிறது. அந்தத் துளை வழியே கழுத்தின் நிழல் தெரிகிறது. சேலை வெளிச்சத்தில் எரிந்துபோகவில்லை, கழுத்து இருட்டில் தொலைந்தும் போகவில்லை. எச்பி5 செய்கிற வேலை இதுதான்: இரண்டு ஓரங்களையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு ஸ்டாப் அதிகம் விழுந்தாலும் கோபித்துக்கொள்ளாது.

வெளிச்சம் பற்றாவிட்டால் 1600 என்று வைத்து எடுத்து, கழுவும் நேரத்தைக் கூட்டலாம். இல்ஃபோர்டின் ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் 400க்கு ஏழரை நிமிடம் என்றால் 1600க்கு 14 நிமிடம். இதைத்தான் புஷ் செய்வது என்கிறோம். ஆனால் முன்பே சொன்னதை மறக்க வேண்டாம்: கூடுதல் நேரம் நிழலைக் கொண்டுவராது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள முரணைத்தான் கூட்டும். துக்க வீட்டுத் திண்ணையில் ஆண்கள் கூடி உட்கார்ந்திருக்கும் படத்துக்கு அந்த அடர்ந்த கறுப்பு பொருந்தியது. அப்பத்தாவுக்குப் பொருந்தவில்லை.

இதன் பலவீனம் என்னவென்றால், அப்படியே ஸ்கேன் செய்து பார்த்தால் தட்டையாக, சாம்பலாகத் தெரியும். முதல்முறை பார்க்கிறவர்கள் "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று சோர்ந்துபோவார்கள். பிரிண்டிலோ கணினியிலோ முரணைக் கொஞ்சம் கூட்டிய பிறகுதான் உயிர் வரும்.

## கோடாக் ட்ரை-எக்ஸ் 400

1940இல் ஷீட் ஃபிலிமாக வந்து, 1954இல் 35 மி.மீ. ரோலானது. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பல பத்தாண்டுகள் இதை நம்பியே வேலை செய்தார்கள். பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்தியோ சல்காடோவும் நீண்ட காலம் இதைத்தான் பயன்படுத்தினார். கறுப்பு வெள்ளை என்றதும் நம் மனதில் எழும் தோற்றத்தில் பாதி இந்த ஃபிலிம் போட்டுக்கொடுத்தது. இடையில் கோடாக் இதைத் திருத்தியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய படங்களில் பார்க்கும் முரட்டுக் கிரெய்னை எதிர்பார்த்து இன்றைய ரோலை வாங்கினால், அவ்வளவு முரட்டுத்தனம் இருக்காது.

எச்பி5இலிருந்து என்ன வித்தியாசம்? நடுத்தரச் சாம்பல்கள் ஒன்றைவிட்டு ஒன்று இன்னும் துலக்கமாக விலகி நிற்கும். வியர்வை, நரம்பு, கயிறு, ஈரம் எல்லாம் எழும்பித் தெரியும். காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் இரண்டு ரோல் எடுத்தேன். ஐஸ் தூள் ஒட்டிய கைகள், கூடையைத் தலைக்கு ஏற்றும்போது புடைக்கும் கழுத்து நரம்பு, தார்ப்பாயில் வழியும் தண்ணீர். அந்த இடத்தின் அவசரம் படத்தில் வந்திருந்தது. எச்பி5இல் எடுத்திருந்தால் கொஞ்சம் சாந்தமாக வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

உழைக்கிற உடம்பு, கூட்டம், கோபம், சிரிப்பு என்றால் ட்ரை-எக்ஸ். வயதானவர்கள், குழந்தை தூங்குவது, சும்மா இருப்பது என்றால் நான் எடுக்க மாட்டேன். இது என் ருசி. உண்மையில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பலர் சொல்கிற அளவுக்குப் பெரிதல்ல, கழுவுகிற முறையை மாற்றினால் ஒன்றை மற்றதற்கு வெகு அருகில் கொண்டுவந்துவிடலாம். கடையில் எது மலிவோ, எது காலாவதித் தேதி தள்ளியிருக்கிறதோ அதை வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை.

## இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் (125)

அழகான ஃபிலிம், அவசரப்படாதவர்களுக்கு மட்டும். கிரெய்ன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. தோலில் வெளிச்சம் மெல்ல மெல்ல இருட்டாக மாறுவதை, படி தெரியாமல் காட்டும்.

அதே அடுப்படியில் இதைப் போட்டுப் பார்த்தேன். எச்பி5இல் 60இல் ஒரு பங்கு கிடைத்த இடத்தில் இதற்கு 15இல் ஒரு பங்குதான் கிடைத்தது. அப்பத்தாவின் கை ஒரு நொடியும் சும்மா இருக்காது. 36 படங்களில் முப்பதில் கை வெறும் புகையாகத்தான் வந்திருந்தது. ஒன்றிரண்டில் முகம் அசையாமல் கை மட்டும் கலங்கியிருந்தது. அவை பிடித்திருந்தன, ஆனால் அது அதிர்ஷ்டம். முக்காலி வைக்கலாம்தான். வைத்ததும் அப்பத்தா சேலையைச் சரி செய்துகொண்டு, கையை மடியில் வைத்து, ஸ்டூடியோவில் உட்கார்வதுபோல் உட்கார்ந்துவிட்டார். எடுக்க வந்தது போய்விட்டது.

ஆனால் வெளியே வந்தால் கதையே வேறு. நம் ஊர் உச்சி வெயிலில் 400 ஃபிலிமுக்கு எஃப் 16, 500இல் ஒரு பங்கு வேண்டும். பென்டாக்ஸ் கே1000 போன்ற பழைய கேமராக்களில் அதிகபட்ச ஷட்டரே 1000இல் ஒரு பங்குதான். எனவே எஃப் 11க்கு மேல் லென்ஸைத் திறக்க முடியாது. முகத்துக்குப் பின்னால் உள்ள கரண்ட் கம்பம், பைக், விளம்பரப் பலகை எல்லாம் தெளிவாக வந்து நிற்கும். எஃப்பி4இல் அதே வெயிலில் எஃப் 5.6 வரை திறக்கலாம். பின்னணி கரைந்து முகம் முன்னே வரும். தூத்துக்குடி உப்பளம் மாதிரி, தரையே வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கிற இடங்களுக்கு 125 தாராளமாகப் போதும். மதியம் திண்ணையில் சாய்ந்து தூங்குபவர், வேப்பமர நிழலில் பேரனை மடியில் வைத்திருப்பவர் என்று அசைவில்லாத, வெளிச்சமுள்ள இடங்களில் இதை மிஞ்ச இந்தப் பட்டியலில் வேறில்லை. பெரிய பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்றாலும் இதுதான்.

## இல்ஃபோர்ட் டெல்டா 3200

பெட்டியில் 3200 என்றிருந்தாலும், முறையாக அளந்தால் இதன் வேகம் ஐ.எஸ்.ஓ. 1000 தான். 3200 என்பது கழுவும் நேரத்தைக் கூட்டிப் பெறுவது. இதைத் தெரிந்துகொண்டு 1600இல் வைத்து எடுத்தால் நிழலில் கொஞ்சம் மிஞ்சும். 3200இல் எடுத்தால் கறுப்பு கறுப்பாகவே போகும்.

கிரெய்ன் பெரிது, மறைக்கவே முடியாது. கூத்துக்கு முன் வேஷம் கட்டுகிற இடத்தில் ஒற்றை பல்பு. கண்ணாடிக்கு முன் பாதி அரிதாரம் பூசிய முகம். அங்கே வேறெந்த ஃபிலிமாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த மணல் அரிதாரத்தின் பொடியோடு சேர்ந்துகொண்டது. அகல் விளக்கு, இரவுப் பேருந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பது எல்லாம் இதற்கானவை. பகலில் போட்டுவிடாதீர்கள், ஷட்டர் போதாது. வாங்கியதும் சீக்கிரம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். வேகமான ஃபிலிம் வெப்பத்திலும் நாள்பட்டும் மங்கிப்போகும்.

## இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் (400)

கறுப்பு வெள்ளைதான், ஆனால் வண்ண ஃபிலிம் கழுவும் சி-41 முறையில் கழுவலாம். உங்கள் ஊர் லேபில் வண்ணம் மட்டும்தான் கழுவுவார்கள் என்றால் வேறு வழி தேட வேண்டாம். வெளிச்சம் கூடினால் இன்னும் வழவழப்பாகும். ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதி இதில் வேலை செய்யும். வெள்ளி மிஞ்சும் மற்ற நான்கிலும் செய்யாது. வெளிச்சம் குறைந்தால் நிழல் சேறாகிவிடும். கல்யாண வீட்டுக்கு நல்லது. எனக்கு இதில் ஏதோ ஒரு கடினம் குறைவாகப் படுகிறது.

## ஒரே பார்வையில்

| ஃபிலிம் | நிழலில் | கிரெய்ன் | தப்பைப் பொறுக்குமா | எங்கே போடலாம் | எங்கே வேண்டாம் |
|---|---|---|---|---|---|
| எச்பி5 பிளஸ் | நிறைய மிஞ்சும் | மிதம் | நன்றாக | வீட்டுக்குள், ஜன்னல் ஓரம் | உச்சி வெயிலில் பின்னணி கரைய வேண்டுமென்றால் |
| ட்ரை-எக்ஸ் 400 | மிஞ்சும், முரண் கூடுதல் | மிதம், துலக்கம் | நன்றாக | உழைப்பு, கூட்டம், தெரு | மென்மை வேண்டிய முகங்கள் |
| எஃப்பி4 பிளஸ் | வெளிச்சம் கொடுத்தால் அருமை | மிக நுண்மை | ஓரளவு | திண்ணை, மரநிழல், வெயில் | அசையும் ஆட்கள், இருட்டறை |
| டெல்டா 3200 | குறைவு | பெரிது | குறைவு | விளக்கு வெளிச்சம், இரவு | பகல் |
| எக்ஸ்பி2 சூப்பர் | வெளிச்சம் கூடினால் நன்று | வழவழப்பு | கூடினால் பொறுக்கும், குறைந்தால் பொறுக்காது | வண்ண லேப் மட்டும் உள்ள ஊர் | மங்கல் வெளிச்சம் |

## கடையில் சொல்லாத செலவுகள்

ரோலின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். கழுவுவது, ஸ்கேன், அனுப்பி வாங்கும் கூரியர் என்று சேர்த்தால் ஒரு ரோலுக்கு இன்னொரு ரோலின் விலை ஆகிவிடும். ஊட்டியில் 1960இல் நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம், நிலவைக் குறிக்கும் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்த காலம் ஒன்று உண்டு. அந்த ஆலை மூடிவிட்டது. இன்று மேலே சொன்ன ஐந்துமே கப்பலிலோ விமானத்திலோ வந்து இறங்குபவை. அது நினைக்க நினைக்க வருத்தமாக இருக்கிறது.

லேப் விஷயத்தில் ஒரு கசப்பான அனுபவம். பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த எச்பி5 ரோல் ஒன்றை ஒரு லேபில் கொடுத்தேன். அவர்கள் அதை வண்ண ஃபிலிம்களோடு சேர்த்து சி-41இல் போட்டுவிட்டார்கள். அந்த முறையில் வெள்ளி முழுவதும் கரைந்து போய்விடும். வெறும் ஃபிலிம்தான் திரும்பி வந்தது. ஒரு முகம்கூட இல்லை. அன்றிலிருந்து ரோல் மேலேயே மார்க்கரில் 'கறுப்பு வெள்ளை, சி-41 கூடாது' என்று எழுதிக் கொடுக்கிறேன். எழுதினது போதாதென்று வாயாலும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நானே வீட்டில் கழுவத் தொடங்கினேன். டார்க் ரூம் வேண்டியதில்லை. ஃபிலிமைச் சுற்றித் தொட்டிக்குள் வைக்கும்வரைக்கும் ஒரு கறுப்புப் பை போதும். நம் ஊரில் சிக்கல் தண்ணீர்தான். பட்டியல்கள் எல்லாம் 20 டிகிரிக்கு எழுதியவை, நம் குழாயில் வருவது 30. அந்தச் சூட்டில் நேரம் 5 நிமிடத்துக்கும் கீழே போய்விடும், கழுவுவது சீராக வராது. டி-76 டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்தினால் எச்பி5க்கு 20 டிகிரியில் 11 நிமிடம், 24 டிகிரியில் சுமார் 8 நிமிடம். பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்டு, அதில் பாட்டிலை நிற்கவைத்து 24க்குக் கொண்டுவருவது கஷ்டமில்லை. ஐஸை டெவலப்பருக்குள் போட்டுவிடாதீர்கள். கடைசியாக அலசும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும்.

விமானத்தில் போகிறவர்கள் ரோல்களைக் கைப்பையில் வைத்து, எக்ஸ்ரேயில் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். செக்-இன் பெட்டியில் ஒருபோதும் வேண்டாம்.

## உங்களுக்கு எது

வீட்டில் ஒரு வயதானவரை, அவர் இருக்கிற இடத்திலேயே எடுக்க வேண்டுமென்றால் எச்பி5. முற்றமும் திண்ணையும் உள்ள வீடு, அவர் அதிகம் அசைய மாட்டார் என்றால் எஃப்பி4. வேலை செய்கிற மனிதர்கள் என்றால் ட்ரை-எக்ஸ். இரவு மட்டும்தான் உங்களுக்கு நேரம் கிடைக்கிறது என்றால் டெல்டா. வண்ண லேப் மட்டும் உள்ள ஊர் என்றால் தயங்காமல் எக்ஸ்பி2. கேமரா ஓடுகிறதா என்றே சந்தேகம் என்றால் முதலில் ஹார்மனின் கென்ட்மியர் 400 அல்லது செக் நாட்டு ஃபோமாபான் 400 போன்ற மலிவான ரோல் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். ஃபோமாபானை 200 என்று வைத்து எடுப்பது நல்லது.

எதை வாங்கினாலும் ஒரே வகையில் இரண்டு ரோலாக வாங்குங்கள். முதல் ரோல் கழுவி வந்ததும் ஸ்கேனுக்கு ஓடாமல், நெகட்டிவ்வை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். முகத்தின் இருட்டுப் பக்கம் இருந்த இடத்தில் ஏதாவது கோடு, ஏதாவது சாம்பல் தெரிகிறதா என்று பாருங்கள். அந்த இடம் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தால், இரண்டாவது ரோலை எடுக்கும்போது ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.